பதினாறு புள்ளி மூன்று குதிரை

சனிக்கிழமைகளில் காலை பத்தரைக்கு அண்ணன் வருவான். எங்கள் வீட்டு ஷெட்டின் தகரக் கதவை இரண்டு தட்டு தட்டி, "கணக்குப்பிள்ளை இருக்கியா?" என்பான். நான் எங்கே போகப்போகிறேன்? அம்மா போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். அண்ணன் கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. மற்ற ஆறு நாளும் எங்களுக்குள் பேச்சு இருக்காது. சண்டை ஒன்றும் இல்லை, பேச எதுவும் இருப்பதில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை மட்டும் எங்கள் நடுவே ஓர் எஞ்சின் இருந்தது.

நூறு சிசி, இரண்டு ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் வகை. கழற்றினால் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். தரையோடு தரையாக ஓடும் கார்ட் ரேஸ் வண்டியில், ஓட்டுபவனின் விலா எலும்புக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டு கத்தும். வண்டி ஓட்டுவது அண்ணன். எஞ்சின் என் பொறுப்பு.

பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்குத் தொழிற்பயிற்சிக் கூடத்தில் எஞ்சின் வகுப்பு. செய்யும் வேலையை எல்லாம் நோட்டில் எழுதிவைப்பேன்: தேதி, என்ன மாற்றினேன், எவ்வளவு, ஏன். 'ஏன்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கேள்விக்குறியும் சேர்த்துப் போடுவேன். ஓர் அளவை நான்கு தடவை எடுப்பேன். நான்கும் ஒன்றாகவே வந்தால் அளவுகோல் கெட்டுவிட்டதோ என்று பயம் வந்துவிடும்.

தகுதிப் பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டான்.

"நம்ம எஞ்சின்ல எத்தனை குதிரை?"

"பதினாலு புள்ளி ஒம்போது. போன மாசம் டைனோல பார்த்தது."

எங்கள் பயிற்சிக் கூடத்தில் எஞ்சினின் சக்தியை அளக்கும் ஒரு மேடை இருக்கிறது. அதைத்தான் டைனோ என்போம்.

"டயர்க்கடைக்காரரு வண்டியில பதினாறாம்."

"அவரு அளந்தாரா, சொன்னாரா?"

"சொன்னாரு. ஆனா அவரு ஆளு என்னைத் தாண்டிப் போறானே, அதுவும் சும்மா சொல்றதா?"

டயர்க்கடைக்காரர் மூன்று வண்டிகள் வைத்திருக்கிறார். மூன்றுக்கும் ஒரே நிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கூடாரத்தில் மடக்கு நாற்காலிகளும் மின்விசிறியும்கூட இருக்கும். அண்ணனைத் தன் வண்டியை ஓட்டச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

"இந்தத் தடவையும் பத்துக்குள்ள வரலேன்னா அவரு வண்டிக்குப் போயிடறேன்," என்றான் அண்ணன். ஸ்பானரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கோவிச்சுக்காதே. உன்மேல குறை இல்ல. எனக்கும் வயசாகுதுல்ல."

"முப்பத்தொண்ணுதானே."

"ரேசுல அது தாத்தா வயசு."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டைத் திறந்து, 'தேவை: 1.5 குதிரைத்திறன், மூன்று வாரத்தில்' என்று எழுதினேன். 'ஏன்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த ஒன்றரைக் குதிரையில் பெரும்பகுதி எங்கே போயிருக்கிறது என்பதும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் முன்பு நடந்த பந்தயத்தில் அண்ணன் பதினோராவதாக வந்தான். பந்தயம் முடிந்ததும் ஆளோடு வண்டியை எடை மேடையில் ஏற்றுவார்கள். எங்கள் பிரிவில் சிலிண்டரைத் தேய்க்கலாம், குழாயை மாற்றலாம், விதி தடுக்காது. வண்டியும் ஆளும் சேர்ந்து நூற்றைம்பது கிலோவுக்குக் குறையக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு. கூடினால் கேட்பாரில்லை. டயர்க்கடைக்காரரின் ஓட்டுநருக்கு நூற்றைம்பது புள்ளி இரண்டு காட்டியது. அவன் அவ்வளவு ஒல்லி. எடை சேர்ப்பதற்காகவே சீட்டுக்கு அடியில் இரண்டு ஈயத் தகடுகளை முடுக்கியிருந்தார்கள். அடுத்து அண்ணன் ஏறினான். நூற்று அறுபத்தொன்று புள்ளி நான்கு.

"நல்லா ஆரோக்கியமா இருக்கீங்க சார்," என்றார் எடை எழுதுபவர்.

"வீட்டம்மா கைவண்ணம்," என்றான் அண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பதினைந்து குதிரையில் ஏறக்குறைய ஒரு குதிரை, அந்தக் கூடுதல் பதினொரு கிலோவை இழுப்பதற்கே செலவாகிறது. நேர்ப்பாதையின் முடிவில் எங்கள் எஞ்சின் மற்றவர்களுடையதைப் போலத்தான் சுற்றுகிறது. நாங்கள் தோற்பது மூன்றாம் வளைவில். வண்டி ஏறக்குறைய நின்று, திரும்பி, மறுபடி வேகம் எடுக்கவேண்டிய இடம் அது. எடை அங்கேதான் கடிக்கும். எழுதினால் நான்கு வரி. ஆனால் அதை நோட்டில் எழுதவில்லை. ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன், மூன்று தடவை சரிபார்த்தேன், கசக்கிக் குப்பையில் போட்டேன்.

சின்ன வயதில் அண்ணனை 'குண்டா' என்று ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பேன். அவன் துரத்துவான், நான் அம்மா பின்னால் ஒளிந்துகொள்வேன். இப்போது அவன் என்னைக் கேலி செய்கிறான், நான் அவனைச் செய்வதில்லை. அது எப்போது நின்றது என்று எந்த நோட்டிலும் இல்லை. மேலும், பதினொரு கிலோவை மூன்று வாரத்தில் யாராலும் இறக்க முடியாது. சொன்னால் என்ன ஆகும்? ஒன்று, பெரிய எஞ்சினைத் தேடி டயர்க்கடைக்காரரிடம் போவான். இல்லாவிட்டால் ரேஸையே விட்டுவிடுவான். இரண்டிலும் சனிக்கிழமை என் கையை விட்டுப் போய்விடும்.

ஒரு தடவை சொல்லப் பார்த்தேன். புதன்கிழமை மாலை போன் செய்தேன். சனிக்கிழமை தவிர்த்து நான் கூப்பிட்டதே இல்லை என்பதால் அவன் பதறிப்போய் எடுத்தான்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணா. நீ..."

"நான்?"

"நீ டயர்ல எவ்வளவு காத்து வச்சிருந்தே, போன தடவை?"

"இதுக்கா கூப்பிட்டே? நோட்டுல பாருடி, நீதானே எழுதினே!"

நோட்டில் இருந்தது. முன்னால் பன்னிரண்டு, பின்னால் பதின்மூன்று.

முதல் வாரம் சிலிண்டரின் மூடியான ஹெட்டின் இடைவெளியைக் குறைத்தோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அறிய, பிளக் துளை வழியாக மெல்லிய ஈயக் கம்பியை நுழைத்து எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றவேண்டும். நசுங்கிய கம்பியின் தடிமன்தான் இடைவெளி. அண்ணன் சுற்றினான், நான் அளந்தேன். ஒன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர். மூடிக்கு அடியில் மெல்லிய கேஸ்கெட் தகடு போட்டு அதைப் புள்ளி எட்டு ஐந்துக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே, கொண்டுவந்தோம். டைனோவில் பதினைந்து புள்ளி மூன்று. புகைக்குழாயை எட்டு மில்லிமீட்டர் குறுக்கியதில் இன்னும் புள்ளி ஒன்று ஏறியது. அதற்குமேல் நகரவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. சிலிண்டரின் சுவரில், எரிந்த புகை வெளியேற ஒரு வாசல் இருக்கிறது. அதன் மேல் விளிம்பைத் தேய்த்து உயர்த்தினால் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும், உச்சியில் சக்தி கூடும். ஆனால் தேய்த்தது தேய்த்ததுதான். கேஸ்கெட்டை மாற்றலாம், குழாயை மாற்றலாம், உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

எங்கள் பயிற்றுநர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்பதால் எப்போதும் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். சிலிண்டரை விளக்குக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார்.

"ஒரு மில்லி ஏத்தலாம். உச்சியில ஏறும், நடுவுல விழும். ரெண்டும் வேணும்னு கேக்காதே, நான் மந்திரவாதி இல்ல." பக்கத்து மேஜையில் ஒருவர் சிரித்தார். "உங்க ட்ராக்ல மெதுவான வளைவு எத்தனை?"

"ரெண்டு, மேடம்."

"அப்போ உனக்கு எந்த இடத்துல பவர் வேணும்?"

"உச்சியில."

"நிச்சயமா?"

"அண்ணன் கேட்டது அதுதான், மேடம்."

"எஞ்சின் உங்க அண்ணன் பேச்சையா கேக்கும்?" என்றார். பிறகு மணியைப் பார்த்தார், பையை எடுத்தார். "உன் சிலிண்டர், உன் இஷ்டம்."

செவ்வாய்க்கிழமை தேய்த்தேன். விளிம்பில் நீல மை பூசி, ஊசியால் கோடு கிழித்து, அந்தக் கோடு வரை. சிறு சுழல் கல் கையில் அதிர்ந்தது. லென்ஸ் தேய்ப்பவளுக்கு அந்த அதிர்வு புதிதில்லை. பத்து நொடி தேய்ப்பேன், நிறுத்தி அளப்பேன். வியாழக்கிழமை டைனோவில் ஏற்றினேன். பத்தாயிரத்து எழுநூறு சுற்றில் பதினாறு புள்ளி மூன்று குதிரை.

வகுப்பில் யாரோ கைதட்டினார்கள். நான் திரையில் வேறொரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டைனோ பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். ஏழாயிரத்து ஐநூறு சுற்றில் பழைய கோடு பத்து புள்ளி நான்கில் இருந்தது, புதியது எட்டு புள்ளி ஒன்பதில். மூன்றாம் வளைவிலிருந்து அண்ணன் வெளியே வரும்போது எஞ்சின் சுற்றுவது சரியாக அந்த இடத்தில்தான். எடையால் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த இடத்தில், நான் இன்னும் ஒன்றரைக் குதிரையைப் பிடுங்கியிருந்தேன்.

அச்சிடும் முன் அந்த இயந்திரம், பழைய கோடும் வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

சனிக்கிழமை அண்ணன் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். கோடு கீழிருந்து எழுந்து, அழகாக மேலே போய், ஒரு சின்னக் கொம்பு போல வளைந்து இறங்கியது.

"பதினாறு புள்ளி மூணா! கணக்குப்பிள்ளை!" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினான். அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னான். அண்ணிக்கு என்ன புரிந்ததோ, "அப்போ சீக்கிரம் வந்துடுவீங்களா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. அவன் சீக்கிரம் போகவில்லை. இரண்டு மணி வரை இருந்தான். சங்கிலியைக் கழுவினான், பிரேக்கைச் சரிபார்த்தான், பின் சக்கரத்தில் இரண்டு பல் கூடுதலான ஸ்ப்ராக்கெட் பல்சக்கரத்தைப் போடலாமா என்று என் அபிப்பிராயம் கேட்டான். போடலாம் என்றேன். நடுவில் விழுந்ததைக் கொஞ்சமாவது அது ஈடுகட்டும் என்று நினைத்தேன். அதைச் சொல்லவில்லை.

பந்தயத்தன்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். டயர்க்கடைக்காரரிடமும் எடுத்துக் காட்டினான்.

"அடேயப்பா," என்றார் அவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "இவ்வளவு இருந்தா வண்டி பறக்கணுமேப்பா. இறக்கை எங்க வச்சிருக்கீங்க?"

"தங்கச்சி வேலை," என்றான் அண்ணன்.

அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நான் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

நேர்ப்பாதையில் வண்டி உண்மையிலேயே பறந்தது. அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மெல்லிய, கூர்மையான, பல் கூசும் சத்தம். இரண்டு பேரைத் தாண்டினான். மூன்றாம் வளைவு வந்தது. உள்ளே போனான். வெளியே வரும்போது எஞ்சின் தொண்டை அடைத்த மாதிரி முனகியது. தாண்டப்பட்ட இருவரும் அவனைத் தாண்டினார்கள், பின்னால் வந்த இன்னொருவனும். அவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகுதான் அவனுக்குக் குதிரைகள் வந்து சேர்ந்தன. பதினான்கு சுற்றிலும் இதே கதை. கம்பி வேலியில் சாய்ந்து ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதினேன். போன பந்தயத்தைவிடச் சராசரியாகச் சுற்றுக்கு அரை நொடி கூடுதல். பதின்மூன்றாவதாக வந்தான்.

திரும்பும் வழியில் வேனை அண்ணன் ஓட்டினான். பின்னால் கட்டியிருந்த வண்டி ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் குலுங்கியது.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்றான் கடைசியில். "எஞ்சின்ல குறையே இல்ல. டயர்க்கடைக்காரரோடதை விட அதிகம், காகிதத்துலயே இருக்கு. இனி அவரு வண்டியில ஏறி மட்டும் என்ன கிழிக்கப்போறேன்? ஆளுதான் சரியில்ல. கை போயிடுச்சு. வித்துடலாம்டி, வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

எண் ஏறினால் அவன் என்னோடு இருப்பான் என்பது வரை கணக்குப் போட்டிருந்தேன். எண் ஏறியும் தோற்றால், பழியைப் போட அவனைத் தவிர யாரும் மிஞ்சமாட்டார்கள் என்பது என் கணக்கில் வரவே இல்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு யாருடையதோ என்பது போல.

"கை போகலண்ணா," என்றேன். "எஞ்சினை நான்தான் கெடுத்தேன்."

"பதினாறு புள்ளி..."

"அது உச்சியில. மூணாவது வளைவுல ஒன்றரை குதிரை குறைஞ்சுடுச்சு. எனக்கு வியாழக்கிழமையே தெரியும். அந்தக் கோட்டை நான் அச்சடிக்கல."

அவன் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

"ஏன்டி?"

"நீ நம்பர் கேட்டே."

"கேட்டா? கெணத்துல குதின்னா குதிப்பியா?"

"இன்னொண்ணும் இருக்கு." நிறுத்திவிட்டால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியது. "பழைய எஞ்சினே போதும்ணா. நாமதான் எடை ஜாஸ்தி. எல்லாரும் ஈயம் வச்சு நூத்தைம்பதுக்கு வராங்க. நீ... நாம நூத்தி அறுபத்தொண்ணு. அது சரியா இருந்திருந்தா எட்டாவதா வந்திருப்பே. ஏழாவதாகூட வந்திருக்கலாம்."

அண்ணன் குனிந்து, சீட் பெல்ட் வயிற்றின் மேல் போகும் இடத்தைப் பார்த்தான்.

"பதினொரு கிலோவா?"

"பதினொண்ணு புள்ளி நாலு."

"அந்தப் புள்ளி நாலையாவது விட்டுக்கொடுக்கலாம்ல," என்றான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எப்போலேர்ந்து தெரியும்?"

"போன பந்தயத்துலேர்ந்து."

"ஆறு வாரம். ஆறு வாரமா என் வயித்தைப் பார்த்துக்கிட்டே ஈயக்கம்பி நசுக்கிட்டு இருந்தியா? வாயில என்ன வச்சிருந்தே? ஊரே என்னைக் கிண்டல் பண்ணுது, நீ பண்ணமாட்டியா?"

"சொன்னா வரமாட்டேன்னு நெனச்சேன்."

"எங்க?"

"ஷெட்டுக்கு."

சிக்னலில் வண்டி நின்றது. சிவப்பு மாறிப் பச்சை வந்தது. அவன் உடனே கிளப்பவில்லை.

"எஞ்சின் இல்லேன்னா வந்திருப்பேனான்னு எனக்கும் தெரியல," என்றான். "உங்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது."

குத்துவதற்காகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு யோசித்து, அளந்து, சரியான பதிலைச் சொல்லியிருந்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். "ம்" என்றேன். வீட்டில் இருவரும் சேர்ந்து வண்டியை இறக்கினோம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

அடுத்த சனிக்கிழமை பத்தரைக்கு அவன் வரவில்லை. நான் கதவைத் திறந்து வைத்து, சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்தேன். செய்ய வேறு எதுவும் இல்லை.

பதினொன்று பத்துக்கு வேன் சத்தம் கேட்டது. வெளியே போகும்போது போடும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். மேஜை காலியாக இருப்பதைப் பார்த்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

கூரைத் தகரத்தில் ஒரு காகம் நடந்தது. இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"அந்தக் கண்ணாடிக் கடையில," என்றான், "நீ என்ன வேலைதான் பாக்கறே? நான் கேட்டதே இல்லையே."

சொன்னேன். சீட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு லென்ஸைத் தேய்ப்பது, பிறகு ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரத்தை வெட்டுவது, ஒரு மில்லி பிசகினால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பது. அவன் கவனமாகக் கேட்டான். பிசகினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். தூக்கிப் போட்டுவிட்டு வேறு லென்ஸ் எடுப்போம் என்றேன். அடிக்கடி பிசகுமா என்றான். எனக்கு இல்லை என்றேன். அதற்குமேல் அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை, எனக்கும் சொல்ல எதுவும் இல்லை.

பதினொன்று ஐம்பதுக்கு எழுந்தான். வாசல் வரை போய், திரும்பி நின்று, "கதவுக் கீல்ல எண்ணெய் போடு, கத்துது," என்றான். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாற்பது நிமிடம் இருந்தான். அதில் ஏறக்குறைய பதினைந்து நிமிடம் பேசியிருப்போம்.